கரியை விட்ட கப்பற்படை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகத்துச் சமுத்திரங்கள் அனைத்திலும் எதிர்ப்பாரின்றி உலாவிவந்த பிரிட்டிஷ் கப்பற்படையின் வல்லமை எதில் அடங்கியிருந்தது என்று கேட்டால், பீரங்கிகளையும், எஃகுக் கவசத்தையும், மாலுமிகளின் பயிற்சியையும் பலர் எடுத்துச் சொல்லுவார்கள். ஆனால் அவை யாவற்றுக்கும் அடித்தளமாக இருந்தது வேல்ஸ் பிரதேசத்துப் பள்ளத்தாக்குகளில் வெட்டியெடுக்கப்பட்ட நிலக்கரியே ஆகும். குறைந்த புகையும் மிகுந்த வெப்பமும் தந்து எரியும் அந்தக் கரி கார்டிஃப் துறைமுகத்தில் ஏற்றப்பட்டு, ஜிப்ரால்டர், மால்டா, போர்ட் சையத், ஏடன், கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் என்று பூமியைச் சுற்றி வரிசையாக அமைந்த துறைகளிலெல்லாம் மலைமலையாகக் குவிக்கப்பட்டிருந்தது. இந்தத் துறைகள் இல்லையேல் அந்தச் சாம்ராஜ்யம் இல்லை. அவை அத்தனையையும் இயக்கிய சரக்கு பிரிட்டனின் சொந்த மண்ணிலேயே கிடைத்தது என்பது அந்தத் தேசத்துக்கு வாய்த்த பெரும் பாக்கியம்.

அந்தக் கரியைக் கப்பலில் ஏற்றுவது எத்தகைய பாடு என்பதை இன்று நினைத்துப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. யுத்தக்கப்பல் ஒன்று துறையை அடைந்ததும், அதன் பக்கத்தில் கரிப்படகு வந்து அணையும். உத்தியோகஸ்தர் முதல் கடைசி மாலுமி வரையில் ஏறக்குறைய அனைவரும் பழந்துணி உடுத்து இறங்கி, கரியை மண்வெட்டியால் சாக்கில் வாரி, மேல்தளத்துக்கு ஏற்றி, சரிவுவழியாகக் கரியறைகளில் கொட்டுவார்கள். கரித்தூசி கண்ணிலும் மூக்கிலும் உணவிலும் படிந்திருக்க, ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட சரக்கு ஏறி முடிவதற்குள் ஒரு பகல் கழிந்துவிடும். அதன்பின் கப்பல் முழுவதையும் கழுவித் துடைக்க வேண்டும். ஏடன் போன்ற துறைகளின் வெயிலில் இந்த வேலை மனிதர்களை மயங்கி விழச் செய்தது. கப்பல் புறப்பட்ட பிறகோ, காற்று நுழையாத கரியறைகளிலிருந்து கரியை வாரி உலைவாய்க்குத் தள்ளுவோரும், உலையில் எறிவோரும், சாம்பலை வாரி வெளியேற்றுவோருமாக நூற்றுக்கணக்கானவர்கள் இரவு பகல் உழைத்தாக வேண்டும். கப்பல் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு விரைவாக அவர்கள் களைத்தார்கள். அவர்கள் களைத்தால் வேகமும் குறைந்தது.

எண்ணெய் இந்தத் துன்பங்களை ஒருங்கே தீர்த்து வைத்தது. ஒரு குழாயை இணைத்துச் சில மணி நேரத்தில் கப்பலை நிரப்பிவிடலாம். தேவையானால் நடுக்கடலிலேயே மற்றொரு கப்பலிலிருந்து பெற்றுக்கொள்ளலாம். அதே எடைக்குக் கரியைக் காட்டிலும் அதிக வெப்பம் தருவதால் அதிக தூரம் செல்லலாம். உலைக்கூடத்தில் ஆட்கள் சிலர் போதும். ஒரு வால்வைத் திருப்பிய மாத்திரத்தில் வேகம் பெருகும். 1904-இல் கப்பற்படையின் தலைமைப் பதவியை ஏற்ற அட்மிரல் ஜான் ஃபிஷர் இந்த உண்மையைப் பல ஆண்டுகளாகவே விடாமல் வற்புறுத்தி வந்தவர். எண்ணெய்ப் பித்தர் என்ற பெயரே அவருக்கு ஏற்பட்டிருந்தது. எனினும் அவருக்கு எதிராக நின்ற வாதமும் இலேசானதன்று. தன் காலடி மண்ணில் அள்ள அள்ளக் குறையாமல் கிடக்கும் கரியைத் தள்ளிவிட்டு, ஒரு சொட்டும் தன் தேசத்தில் ஊறாத எண்ணெயை நம்பிப் படையை அமைப்பது, தேசத்தின் உயிரைப் பிறர் கையில் ஒப்புவிப்பதாகாதா என்ற கேள்விக்கு நேரான விடை ஒருவரிடமும் இல்லை.

1911 ஜூலையில் மொராக்கோவின் அகாதிர் துறைமுகத்தில் ஜெர்மானியப் பீரங்கிப் படகு ஒன்று வந்து நின்றதும், ஐரோப்பாவில் யுத்தம் நெருங்கிவிட்டது என்ற பயம் பரவியது. அவ்வாண்டு அக்டோபரில் கப்பற்படை மந்திரியாக வந்த வின்ஸ்டன் சர்ச்சில், ஃபிஷரின் கருத்துக்குச் செவிசாய்த்தார். பதினைந்து அங்குல வாயுள்ள பீரங்கிகளைச் சுமந்துகொண்டு மணிக்கு 25 கடல்மைல் ஓடக்கூடிய ஒரு புதிய வகை யுத்தக்கப்பல் தேவைப்பட்டது. கரியை எரித்து அந்த வேகத்தை எட்டுவது இயலாது. ஆகவே 1912-ஆம் ஆண்டின் திட்டத்தில் ‘குயின் எலிசபெத்’ வகையைச் சேர்ந்த மகா கப்பல்கள் எண்ணெயையே எரிப்பனவாகக் கட்டப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. அவற்றுள் ஒன்றான ‘மலாயா’வுக்கு ஆன செலவை மலாய் ஐக்கிய சமஸ்தானங்கள் கொடுத்தன, அந்தச் சமஸ்தானங்களின் வருமானம் வெள்ளீயத்திலும் ரப்பரிலும் விளைந்தது என்பதையும், அந்த ரப்பர்த் தோட்டங்களில் பால் வடித்தவர்களில் பெரும்பாலோர் நம் ஜில்லாக்களிலிருந்து கப்பலேறிச் சென்ற தமிழர்கள் என்பதையும் இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை.

கப்பலின் விதி அன்றே தீர்மானமாகிவிட்டது. எண்ணெய் எங்கிருந்து வரும் என்பதோ தீர்மானமாகவில்லை. உலகத்தின் எண்ணெயில் பெரும்பகுதி அமெரிக்காவிலும், அடுத்தபடியாக ருஷியாவின் பாகூ பிரதேசத்திலும், ஓரளவு டச்சுக்காரரின் கிழக்கிந்தியத் தீவுகளிலும் கிடைத்தது. பிரிட்டிஷ் கொடியின் கீழ் கிடைத்த எண்ணெயில் குறிப்பிடத் தக்கதாக இருந்தது பர்மா எண்ணெய்தான். ஐராவதி நதிக்கரையில் உள்ள ஏனாஞ்சவுங் என்னும் ஊரில், ஆங்கிலேயர் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, பரம்பரை உரிமை பெற்ற குடும்பங்கள் கையால் கிணறு தோண்டி எண்ணெய் இறைத்து வந்தன. கிணற்றுக்கு மேலே இட்ட விட்டத்தின் வழியாகக் கயிற்றில் ஒருவனைக் கட்டி இறக்குவார்கள். ஆழத்து இருளுக்குக் கண் பழகும்பொருட்டு, இறங்குவதற்குச் சற்று முன்னதாகவே அவன் கண்களைத் துணியால் கட்டிவைப்பார்கள். கீழே நிறைந்திருக்கும் விஷவாயுவினால் அவன் மூச்சுத் தாங்கும் சொற்ப நேரத்துக்குள் நாலைந்து முறை மண்ணைக் குத்திவிட்டு மேலே இழுக்கப்படுவான். இவ்வாறு நூற்றுக்கணக்கான அடி ஆழம் சென்ற கிணறுகள் அங்கே உண்டு. 1885-இல் நடந்த மூன்றாம் பர்மா யுத்தத்தில் மன்னர் தீபா சிறைப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட, அடுத்த ஆண்டே கிளாஸ்கோ நகரத்து வர்த்தகர்கள் பர்மா ஆயில் கம்பெனியை நிறுவி, இயந்திரத் துளைகளுடன் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். ரங்கூனுக்கு எதிர்க்கரையில் சிரியம் என்னும் இடத்தில் அவர்களுடைய சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. அங்கே வடித்த மண்ணெண்ணெய் வங்காள விரிகுடாவைக் கடந்து சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்து, நம் வீட்டு விளக்குகளில் எரிந்தது. 1905-இல் கப்பற்படை இலாகாவும் அந்தக் கம்பெனியிடம் எரியெண்ணெய் வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆனால் பர்மாவின் ஊற்று ஒரு மகா கப்பற்படையின் பசிக்குப் போதுமானதன்று.

பாரசீகத்தின் கதை வேறு வழியாக வந்து இதனுடன் கலக்கிறது. ஆஸ்திரேலியாவில் மவுண்ட் மார்கன் தங்கச் சுரங்கத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய வில்லியம் நாக்ஸ் டார்ஸி என்னும் ஆங்கிலேயர், 1901 மே 28-இல், பாரசீக மன்னர் முஸஃபர்-அத்-தீன் ஷாவிடமிருந்து ஒரு சாசனம் பெற்றார். ருஷியாவின் கோபத்துக்கு அஞ்சி வடக்கேயுள்ள ஐந்து மாகாணங்களை விலக்கிவிட்டு, எஞ்சிய பாரசீகம் முழுவதிலும் அறுபது ஆண்டுகளுக்கு எண்ணெய் தேடி எடுத்து விற்கும் ஏகபோக உரிமை அதன்மூலம் அவருக்குக் கிடைத்தது. அதற்குக் கொடுக்கப்பட்ட விலை 20,000 பவுன் ரொக்கம், அதே அளவுக்குப் பங்குகள், நிகர லாபத்தில் நூற்றுக்குப் பதினாறு. ஒரு பழம்பெரும் தேசத்தின் நிலத்தடிச் செல்வம் இவ்வளவு சொற்பத்துக்குக் கைமாறியது, கஜானா வறண்டு கடனில் மூழ்கியிருந்த ஓர் அரசவையின் பலவீனத்தால் நேர்ந்தது. டார்ஸி அந்தத் தேசத்தில் ஒருநாளும் காலடி வைத்ததில்லை.

அவருக்காக அங்கே உழன்றவர் ஜார்ஜ் ரெய்னால்ட்ஸ் என்னும் எஞ்சினீயர். இந்தியப் பொதுமராமத்து இலாகாவில் பணிபுரிந்து, வெப்பதேசங்களில் குறைந்த சாதனங்களைக்கொண்டு வேலை நடத்தும் வித்தையைக் கற்றவர். மேற்கு எல்லையில் முதலில் தோண்டிய கிணறுகள் பயன் தரவில்லை. டார்ஸியின் பணம் கரைந்தது. அந்தச் சாசனம் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய்விடுமோ என்று அஞ்சிய கப்பற்படை இலாகா, தன் எண்ணெய் ஒப்பந்தக்காரரான பர்மா ஆயில் கம்பெனியையே தூண்டி, 1905-இல் அவருக்குக் கைகொடுக்கச் செய்தது. ரெய்னால்ட்ஸ் தெற்கே பக்தியாரி மலைவாசிகளின் நாட்டுக்குத் தம் கருவிகளைக் கழுதைகளிலும் வண்டிகளிலும் ஏற்றிச் சென்று, மஸ்ஜித் சுலைமான் என்னும் பாழ்பட்ட பழைய அக்கினிக் கோயிலின் அருகில் புதிதாகத் தோண்டலானார். 1908-இல் பொறுமையிழந்த கம்பெனியார், வேலையை நிறுத்தி மூட்டை கட்டும்படி அவருக்கு உத்தரவு எழுதினார்கள். அந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள், மே 26-ஆம் தேதி விடியற்காலையில், ஏறக்குறைய 1,180 அடி ஆழத்திலிருந்து எண்ணெய் பீறிட்டுத் துளைகோபுரத்துக்கும் மேலாக எழும்பிற்று.

அந்த நேரத்தில் அங்கே காவல் இருந்தவர்கள் யார்? மலைவாசிகளால் எஞ்சினீயர்களுக்கு ஆபத்து நேராதபடி காக்க இந்திய சர்க்கார் அனுப்பிவைத்த, வங்காளக் குதிரைப்படையைச் சேர்ந்த ஒரு சிறு பிரிவு. அதன் தலைவர் ஆர்னால்ட் வில்சன் என்னும் இளம் லெப்டினென்ட். இந்தச் சம்பவத்தை எழுதுகிறவர்கள் இந்தச் சிப்பாய்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஆனால் பின்னால் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நிகழ்ந்தவற்றை நோக்கினால், பாரசீக எண்ணெயைப் பற்றிய முக்கியமான உண்மை அந்தச் சிறு பிரிவிலேயே அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பணம் ஸ்காட்லாந்தினுடையது, தேவை லண்டனுடையது, மண் பாரசீகருடையது, காவலோ இந்தியனுடையது.

1909 ஏப்ரலில் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனி உதயமாயிற்று. மலைகளிலிருந்து ஏறக்குறைய 140 மைல் தூரம் குழாய் போடப்பட்டு, ஷத்-அல்-அரபு நதிமுகத்தில், பேரீச்சமரங்களும் சேற்றுநிலமும் தவிர வேறொன்றும் இல்லாத அபாதான் தீவில் சுத்திகரிப்பு ஆலை கட்டப்பட்டது. அந்தத் தீவின் நிலத்தை, தெஹ்ரானிலிருந்த அரசை அதிகம் மதியாது முஹம்மராவில் ஆண்டுவந்த ஷேக் கஸ்அல் என்னும் அரபுத் தலைவரிடம் வாடகைக்குப் பெற்றார்கள். அதற்கு ஈடாக அவருடைய பதவிக்குப் பாதுகாப்பாக நிற்பதாக ஆங்கிலேய அதிகாரிகள் அவருக்கு உறுதி கூறினார்கள்.

ஆனால் கம்பெனிக்குப் பணம் போதவில்லை. கப்பற்படைக்கோ எண்ணெயைப் பற்றி உறுதி வேண்டியிருந்தது. 1913-இல் சர்ச்சில் அட்மிரல் ஸ்லேடின் தலைமையில் ஒரு குழுவைப் பாரசீகத்துக்கு அனுப்பினார். ஊற்றுகள் வளமானவை, விலைக்கு வாங்கத் தக்கவை என்று குழு அறிவித்தது. அதன் பலனாக 1914 மே மாதத்தில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகி, பிரிட்டிஷ் சர்க்கார் 22 லட்சம் பவுன் கொடுத்து, கம்பெனியின் பங்குகளில் நூற்றுக்கு ஐம்பத்தொன்றை வாங்கிக்கொண்டது. தடுப்புரிமை உள்ள இரண்டு டைரக்டர்களைச் சர்க்கார் நியமிப்பது என்றும் ஏற்பாடாயிற்று. ஜூன் 17-இல் பார்லிமெண்டில் நடந்த விவாதத்தில், இவ்வளவு தூரத்தில், காவலற்ற பிரதேசத்தில் இருக்கும் குழாயை யுத்தகாலத்தில் யார் காப்பது என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கேள்வி மிகவும் பொருத்தமானது. 254 வாக்குகள் ஆதரவாகவும் 18 வாக்குகள் எதிராகவும் விழுந்தன. பதினொரு நாட்களில் சராஜீவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். யார் காப்பது என்ற கேள்விக்கு விடை சொல்லவேண்டிய காலம் உடனே வந்துவிட்டது.

எண்ணெயும் யுத்தமும் கலந்ததன் முதல் அடையாளத்தைக் கண்ணால் கண்டது நம் சென்னை நகரம்தான். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, கார்ல் ஃபான் மியுல்லர் தலைமையில் வந்த ஜெர்மானியக் கப்பல் எம்டன், துறைமுகத்தை நெருங்கி, விளக்கு பாய்ச்சி, கரையிலிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சரமாரியாகக் குண்டுகளை வீசியது. தொட்டிகள் பற்றி எரிந்தன. நெருப்பின் வெளிச்சம் கடலில் வெகுதூரம் தெரிந்தது. சில உயிர்களும் மாண்டன. மறுநாள் முதல் ரயில்களில் இடம் பிடித்து ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு வெளியேறினார்கள். கோட்டையையோ கவர்னர் மாளிகையையோ குறிவைக்காமல் எண்ணெய்த் தொட்டியைத் தேர்ந்தெடுத்த அந்தக் கப்பல் தலைவரின் செயலில், வரப்போகும் யுகத்தின் யுத்தமுறை முழுவதும் தெரிந்தது என்று சொல்லலாம்.

நவம்பரில் துருக்கி யுத்தத்தில் இறங்கியவுடன், பம்பாயிலிருந்து ஏற்கெனவே புறப்பட்டு வளைகுடாவில் காத்திருந்த ஆறாவது இந்தியப் படையின் ஒரு பகுதி, நவம்பர் 6-இல் ஃபாவோ என்னுமிடத்தில் கரையிறங்கியது. அபாதானையும் குழாயையும் காப்பது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. அம்மாத முடிவுக்குள் பஸ்ரா கைப்பற்றப்பட்டது. அத்துடன் நின்றிருக்கலாம். ஆனால் ஓர் இடத்தைக் காக்கவேண்டுமானால் அதற்கு அப்பால் உள்ள இடத்தையும் பிடித்தாகவேண்டும் என்ற படைத்தலைவர்களின் நியாயம் முடிவில்லாதது. பஸ்ராவைக் காக்க அமாரா, அமாராவைக் காக்கக் கூட், கூட்டைக் காக்கப் பாக்தாத் என்று படை நதியோடு மேலே மேலே சென்றது. மருந்தும் வண்டியும் படகும் போதாத நிலையில் சென்ற அந்தப் படை, கூட் நகரத்துக்குப் பின்வாங்கி, அங்கே ஐந்து மாதங்களுக்குச் சற்றுக் குறைவாக முற்றுகையிடப்பட்டு, குதிரைமாமிசமும் தீர்ந்துவரும் தருவாயில் 1916 ஏப்ரல் 29-இல் சரணடைந்தது. சிறைப்பட்டவர் ஏறக்குறைய 13,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். பாலைவனத்தில் நடத்திச் செல்லப்பட்ட அவர்களில் பல ஆயிரம் பேர் மீளவில்லை. நம் மதராஸ் ஸாப்பர் படையைச் சேர்ந்தவர்களும் இந்த மெஸபொடேமியா யுத்தத்தில் பாலம் கட்டியும் பாதை போட்டும் உழைத்தார்கள். பிற்பாடு பஸ்ராவில் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம், கல்லறையே இன்றி மாண்ட நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக நிறுவப்பட்டது; அதில் ஆங்கிலேயச் சிப்பாய்களின் பெயர் ஒவ்வொன்றும் பொறிக்கப்பட்டது, சாதாரண இந்தியச் சிப்பாய்களோ படைப்பிரிவின் பெயரின் கீழ் இத்தனை பேர் என்ற எண்ணிக்கையாக மட்டுமே நின்றார்கள். இதை வாசிக்கும்போது உள்ளம் கொதிக்காதவன் இந்தியனாக இருக்க முடியாது.

உண்மையைச் சொல்லப்போனால், அந்த மகாயுத்தத்தில் நேசநாடுகள் எரித்த எண்ணெயில் மிகப்பெரும் பகுதி அமெரிக்காவிலிருந்து வந்ததே தவிர, பாரசீகத்திலிருந்து வந்ததன்று. ஆயினும் பாரசீக ஊற்றுகளின் உற்பத்தி 1912-க்கும் 1918-க்கும் இடையில் பத்து மடங்குக்கு மேல் பெருகிற்று. அத்துடன், அமெரிக்க எண்ணெயைச் சுமந்துவந்த கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் 1917-இல் மூழ்கடிக்கத் தொடங்கியபோது பிரிட்டனுக்கு ஏற்பட்ட நடுக்கம், தனக்கென்று தன் அதிகாரத்துக்குட்பட்ட எண்ணெய் வேண்டும் என்ற எண்ணத்தை வைரம்போல் உறுதியாக்கிவிட்டது. யுத்தநிறுத்தம் 1918 அக்டோபர் 30-இல் கையெழுத்தான பிறகும் படை நில்லாமல் சென்று மோஸூலை அடைந்ததற்கும், பிரான்ஸின் பங்காக முன்பு பேசப்பட்ட அந்தப் பிரதேசத்தை லாயிட் ஜார்ஜ் கேட்டு வாங்கிக்கொண்டதற்கும், ஈராக் என்ற புதிய ராஜ்யம் மூன்று மாகாணங்களை ஒட்டவைத்து உண்டாக்கப்பட்டதற்கும் வேறு காரணங்களும் உண்டு. ஆனால் 1927-இல் கிர்குக் அருகே பொங்கிய எண்ணெயை அந்தக் காரணங்களிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

அபாதானைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். சேற்றுத்தீவில் எழுந்த அந்த ஆலை பின்னால் உலகத்திலேயே பெரிய சுத்திகரிப்பு ஆலையாக வளர்ந்தது. அதை முதலில் இயக்கிய கைகள் பல ரங்கூனிலிருந்து வந்தவை. சிரியம் ஆலையில் தொழில் பழகிய இந்தியத் தொழிலாளர்களைக் கம்பெனி அங்கிருந்து வரவழைத்தது. பிறகு பஞ்சாப், சிந்து, பம்பாய், மதராஸ் ஆகிய இடங்களிலிருந்தும் கருமார், கொதிகலன் ஓட்டுநர், கணக்கர், சமையற்காரர் எனப் பலர் சேர்க்கப்பட்டார்கள். ரங்கூனிலிருந்து வந்த முஸ்லிம் தொழிலாளர்கள் ஆலையின் அருகிலேயே ஒரு பள்ளிவாசல் கட்டினார்கள். பாரசீகத்துப் பள்ளிவாசல்களில் காணும் நீல ஓடுகள் அதில் இல்லை. அவர்கள் விட்டுவந்த நாட்டின் பாணியில், வண்ணம் தீட்டிய சுதைப்பூக்களும் கொடிகளும் முகப்பை நிறைக்கின்றன. ‘ரங்கூனிகளின் பள்ளிவாசல்’ என்றே ஊரார் அதை அழைத்தார்கள். அது இன்றும் அங்கே நிற்கிறது. ஐராவதிக் கரைக்கும் ஷத்-அல்-அரபுக் கரைக்கும் எண்ணெய் முடிச்சுப்போட்டதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

அந்த ஊரில் வாழ்க்கை மூன்று தட்டாகப் பிரிந்திருந்தது. பிரைம் என்னும் பகுதியில் தோட்டமும் புல்தரையும் சூழ்ந்த பங்களாக்களில் ஆங்கிலேயர். அவர்களுக்குக் கீழே வரிசைவீடுகளில் இந்தியர். அவர்களுக்கும் கீழே, மரநிழலும் இல்லாத வெட்டவெளியில், பாயும் மண்ணும் தகரமும் கொண்டு எழுப்பிய குடிசைகளில் அந்த மண்ணுக்குரிய பாரசீகர். 1922-இல் இந்தியத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, கம்பெனி பலரைக் கப்பலேற்றித் திருப்பியனுப்பிவிட்டது. இந்தியர்களைக் கொண்டு பாரசீகரையும், பாரசீகரைக் காட்டி இந்தியரையும் அடக்கிய இந்த நிர்வாகமுறைதான் பிற்காலத்துக் கோபத்துக்கெல்லாம் வித்தாயிற்று என்பது என் துணிவு. லாபக்கணக்கில் வந்த தகராறு அதற்கு அடுத்தபடியானதே.

அந்தத் தகராறும் சிறிதன்று. பதினாறு சதவீதம் எந்த லாபத்தில் என்பதைப் பற்றிக் கம்பெனி ஒரு கணக்கும் தெஹ்ரான் ஒரு கணக்கும் சொல்லின. இதற்குள் ராணுவத்திலிருந்து அதிகாரத்துக்கு எழுந்து, பின்னால் அரியணை ஏறிய ரேஸா ஷா, தேசத்தை ஒரே அதிகாரத்தின்கீழ் கொண்டுவர முனைந்தார். 1925-இல் ஷேக் கஸ்அல் பிடிக்கப்பட்டுத் தெஹ்ரானுக்குக் கொண்டுபோகப்பட்டபோது, அவருக்கு உறுதி கூறியிருந்த ஆங்கிலேயர் அவரைக் காப்பாற்ற வரவில்லை. தெஹ்ரானில் பலம் வாய்ந்த அரசு ஒன்று இருப்பதே எண்ணெய்க்கு அனுகூலம் என்று அப்போது அவர்களுக்குத் தோன்றிவிட்டது. 1932-இல் ஷா பழைய சாசனத்தை ரத்து செய்ய, அடுத்த ஆண்டு புதிய சாசனம் ஏற்பட்டது. பரப்பு குறைந்தது, டன்னுக்கு நான்கு ஷில்லிங் என்று தொகை நிர்ணயமாயிற்று, ஆனால் காலவரையறை 1993 வரை நீண்டுவிட்டது.

இரண்டாம் மகாயுத்தத்தில் இந்தச் சரித்திரம் மீண்டும் ஒருமுறை நடந்தேறியது. 1941 ஆகஸ்டு 25-ஆம் தேதி விடியுமுன், நடுநிலை வகித்த ஈரானுக்குள், அதாவது பழைய பாரசீகத்துக்குள், வடக்கே ருஷியரும் தெற்கே பிரிட்டிஷாரும் புகுந்தார்கள்; அபாதானில் படகுகளிலிருந்து இறங்கி ஆலையைக் கைப்பற்றியவர்கள் மறுபடியும் இந்தியச் சிப்பாய்களே. 1942-இல் ஜப்பானியர் நெருங்கியபோது சிரியம் ஆலையையும் ஏனாஞ்சவுங் ஊற்றுகளையும் ஆங்கிலேயர் தாமே வெடிவைத்துத் தகர்த்தார்கள். டச்சுத் தீவுகளும் வீழ்ந்தன. அதன்பின் இந்து சமுத்திரத்துக் கப்பற்படைக்கு அபாதானே பெரிய ஊற்று. அந்தப் படையின் தளங்களில் ஒன்றான திருகோணமலையில், சீனன்குடாக் காட்டுக்குள் இரும்புத் தொட்டிகள் வரிசைவரிசையாக அமைக்கப்பட்டிருந்தன. அவ்வாண்டு ஏப்ரல் 9-இல் ஜப்பானிய விமானங்கள் அந்தத் துறையைத் தாக்கிய அன்று, ஒரு விமானம் தொட்டியொன்றின் மீது மோதி அதை எரித்தது. எஞ்சிய 99 தொட்டிகளும் 1957-இல் பிரிட்டிஷ் கப்பற்படை வெளியேறிய பிறகும் அங்கேயே நின்று, 1987-இல் இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் இடம்பெற்று, 2022-இல் இந்தியாவின் எண்ணெய் நிறுவனத்துக்குப் பதினான்கு, இலங்கைக் கூட்டுத்தாபனத்துக்கு இருபத்துநான்கு, இருவருக்கும் பொதுவாக அறுபத்தொன்று என்று பங்கிடப்பட்டன. அந்தப் பக்கத்துத் தமிழர்களும் சிங்களரும் முஸ்லிம்களும் அந்தக் காட்டைப் பல்லாண்டு வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறார்கள்.

1946-இல் அபாதான் தொழிலாளர்கள் பெருவாரியாக வேலைநிறுத்தம் செய்தபோது, எதிர்க்கரையிலுள்ள பஸ்ராவுக்கு இந்தியப் படை அனுப்பப்பட்டது. அதுவே கடைசி. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இந்தியா சுதந்திரம் அடைந்தது. லண்டனிலிருந்து ஒரு தந்தி அடித்தால் பம்பாயில் கப்பலேறும் படை இனி இல்லை. இதன் பொருள் 1951-இல் விளங்கிற்று. அவ்வாண்டு மார்ச்சில் ஈரானின் சட்டசபை எண்ணெயைத் தேசியமயமாக்கத் தீர்மானித்து, ஏப்ரல் இறுதியில் டாக்டர் முகம்மது மொஸாதெக் பிரதம மந்திரியானார். அந்தக் கம்பெனி ஈரானுக்குக் கொடுத்த பங்கைக் காட்டிலும் அதிகத் தொகையைப் பிரிட்டிஷ் சர்க்காருக்கு வருமான வரியாகவே கட்டிவந்தது. இதை அறிந்த எந்த ஈரானியன் தேசியமயத்தை எதிர்ப்பான்? லண்டனில் அட்லி மந்திரிசபை அபாதானைப் படைகொண்டு பிடிப்பதைப்பற்றி ஆலோசித்தது, திட்டமும் வகுக்கப்பட்டது. ஆனால் படை எங்கே? அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமனும் சம்மதிக்கவில்லை. அக்டோபர் முதல் வாரத்தில், அபாதானில் எஞ்சியிருந்த ஆங்கிலேய உத்தியோகஸ்தர்கள் ‘மொரீஷியஸ்’ என்னும் யுத்தக்கப்பலில் ஏறி வெளியேறினார்கள். அமெரிக்காவின் மறுப்பையே இதற்குத் தலையாய காரணமாகக் கூறும் சரித்திராசிரியர்கள் பலர். அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் 1914-இலும் 1941-இலும் யாருடைய சம்மதத்தையும் கேளாமல் ஓரிரு வாரங்களில் செய்துமுடித்த காரியத்தை 1951-இல் செய்ய முடியாமற்போனதற்கு, டில்லியில் கொடி மாறியதைக் காட்டிலும் பெரிய காரணத்தை நான் காணவில்லை.

படையால் முடியாததை முற்றுகையாலும் சூழ்ச்சியாலும் முடிக்கலானார்கள். ஈரானிய எண்ணெயை வாங்கும் கப்பல்கள் மிரட்டப்பட்டன. ‘ரோஸ் மேரி’ என்ற கப்பல் 1952-இல் ஏடனில் தடுத்து நிறுத்தப்பட்டது. ஈரானின் வருமானம் வற்றியது. 1953 ஆகஸ்டு 19-ஆம் தேதி, பிரிட்டிஷ், அமெரிக்க உளவு இலாகாக்கள் சேர்ந்து நடத்திய சதியில் மொஸாதெக் கவிழ்க்கப்பட்டார். முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அந்தக் கம்பெனியின் பங்குகளைப் பார்லிமெண்டில் வாதாடி வாங்கிய சர்ச்சிலே அப்போது பிரிட்டனின் பிரதம மந்திரி. மொஸாதெக் மூன்று ஆண்டு சிறையிருந்து, பிறகு அஹ்மதாபாத் கிராமத்தில் தம் வீட்டிலேயே காவலில் வைக்கப்பட்டு, 1967-இல் காலமானார். தேசியமயச் சட்டம் பெயரளவில் நீடிக்க, 1954-இல் எண்ணெய் ஒரு கூட்டுக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது: பிரிட்டிஷ் பெட்ரோலியம் என்று புதுப்பெயர் பூண்ட பழைய கம்பெனிக்கு நாற்பது சதவீதம், அமெரிக்கக் கம்பெனிகளுக்கு நாற்பது, ஷெல் கம்பெனிக்குப் பதினான்கு, பிரெஞ்சுக் கம்பெனிக்கு ஆறு. லாபத்தில் பாதி ஈரானுக்கு என்று ஒப்பந்தம் கூறியது. ஆனால் அந்தக் குழுவின் கணக்குப் புத்தகங்களைத் தணிக்கை செய்யும் உரிமையையோ, அதன் நிர்வாக சபையில் ஓர் ஆசனத்தையோ ஈரானியருக்கு அது கொடுக்கவில்லை.